கொழும்பில் வேலை தேடுபவர்களுக்கு: விளம்பரம் முதல் சேவைச் சான்றிதழ் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றனிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அறை எடுத்துத் தங்கி வேலை தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இவற்றைத்தான் கேட்கிறார்கள். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் ஆங்கிலக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டுவிட்டு, விலகும் நாளில் “எனக்கு என்ன வரவேண்டும்?” என்று விசாரிப்பவர்கள் பலர். கையெழுத்திடும் முன்பே அதை அவர்கள் கேட்டிருக்க வேண்டும் என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை தனியார் துறைக்கு உரியவை. அதிலும் லீவு, வேலை நேரம் பற்றியவை 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின்படி எழுதப்பட்டவை. தொழிற்சாலைகளுக்கும் தோட்டங்களுக்கும் சம்பளச் சபைகளின் விதிகள் தனியாக உண்டு.

உயர் தரம் முடித்துவிட்டேன். பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. இனி எங்கே தொடங்குவது?

முதலில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அதில் 7 மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை தேசிய சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 ஆவது பட்டத்துக்குச் சமம். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்கூட மட்டம் மட்டமாக ஏறிப் பட்டம்வரை போகும் வழி இது. தொழிற்பயிற்சி அதிகார சபை, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற அரச நிறுவனங்களில் இந்தத் தகைமைக்கான பயிற்சிகள் நடக்கின்றன. பெரும் கட்டணம் கேட்கும் தனியார் நிலையத்தில் சேரும் முன், அந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பதிவில்லாத டிப்ளோமாவுக்காகப் பெற்றோர் நகையை அடகு வைப்பது மனத்தை வருத்தும் காரியம்.

படிக்கவில்லை, ஆனால் பல வருட வேலை அனுபவம் இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும். பஞ்சிகாவத்தையில் வாகனத் திருத்த வேலையைக் கைப்பழக்கத்தில் கற்றவருக்கும், கட்டடங்களில் மின்னிணைப்பு வேலை செய்து பழகியவருக்கும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. பரிசோதகர் முன் வேலையைச் செய்துகாட்டி, கேள்விகளுக்குப் பதில் சொன்னால், உங்கள் திறமைக்குரிய என்.வி.கியூ. மட்டம் வழங்கப்படும். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் காகிதம் சம்பளத்தையே மாற்றக்கூடும். இது நம்மவர்களிடம் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பது என் எண்ணம்.

சுயவிபரக்கோவை எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்?

புதிதாகத் தொடங்குபவருக்கு ஒன்று அல்லது இரண்டு பக்கம் போதும். பரீட்சைப் பெறுபேறு, பயிற்சி, பேசும் மொழிகள், செய்த வேலைகள், உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய, உறவினரல்லாத இரு நடுநிலையாளர்களின் பெயர். கடையில் விடுமுறைக்கு உதவியாளராக நின்றது, பாடசாலைத் தமிழ் மன்றத்தில் பொருளாளராக இருந்தது இவற்றைச் சிறிய விடயம் என்று விட்டுவிடாதீர்கள். காசுப் பொறுப்பை ஒருவர் கையாண்டிருக்கிறார் என்பது முகாமையாளருக்குப் பெரிய செய்தி. நடுநிலையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

என் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருக்கிறது. அது பிரச்சினையா?

ஆம். தமிழர்களுக்கு இது கொழும்பில் திரும்பத் திரும்ப வரும் தலைவலி. தந்தை பெயர் முன்னால் வருவது, முதலெழுத்தாகச் சுருங்குவது, ‘சிவகுமார்’ என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்படுவது எல்லாம் நாம் வளர்ந்த விதத்தில் இயல்பானவை. ஆனால் வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.), கடவுச்சீட்டு ஆகிய மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டலையே எதிர்பார்க்கின்றன. இருபது வருடம் கழித்து நிதியை எடுக்கப் போகும்போது, “இந்தப் பெயருக்கு உரியவர் நீங்கள்தானா?” என்று கேட்டால் ஒரு விண்ணப்பமே மாதக்கணக்கில் நின்றுவிடும்.

ஆகவே முதல் வேலைக்குப் போகும் முன்பே தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரையும் இலக்கத்தையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம், வங்கி, நிதியப் படிவம் அனைத்திலும் அதையே எழுதுங்கள். ஏற்கெனவே வேறுபாடு இருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, அதன் பிரதிகளை வைத்திருங்கள். அடையாள அட்டையிலேயே பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்க வேண்டிய வேலை அது.

விளம்பரங்களில் “கவர்ச்சிகரமான சம்பளம்”, “வரையறையற்ற வருமானம்” என்று போடுகிறார்கள். நம்பலாமா?

தொகை எழுதப்படாத விளம்பரத்துக்குப் போகலாம். ஆனால் நேர்முகப் பரீட்சையில் தொகையைக் கேட்காமல் திரும்பி வரக்கூடாது. “வரையறையற்ற வருமானம்” என்றால் பெரும்பாலும் கமிஷன் வேலை. விற்றால் காசு, விற்காவிட்டால் பஸ் செலவும் நம்முடையது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மாத இலக்கை எட்டாவிட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் நேராகவே கேளுங்கள். “தங்குமிடம், உணவு இலவசம்” என்ற புறக்கோட்டைக் கடை விளம்பரங்களில் அந்தச் செலவு சம்பளத்தில் கழிக்கப்படுமா என்று கேட்க வேண்டும்.

பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். மூலச் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள்.

இரண்டையும் கொடுக்காதீர்கள். உள்ளூர் வேலைக்கு உங்களிடம் பணம் வாங்குபவர் வேலை தருபவர் அல்லர். மூலச் சான்றிதழைக் காட்டலாம். உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுத்துவிட்டு மூலத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். வெளிநாட்டு வேலையென்றால் முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்க வேண்டாம்.

நேர்முகப் பரீட்சை சிங்களத்தில் நடந்தால் என்ன செய்வது?

விளங்காத கேள்விக்குத் தலையாட்டுவதைவிட, “எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும், ஆங்கிலத்தில் கேட்க முடியுமா?” என்று அமைதியாகச் சொல்வது நல்லது. வெளிப்படையாகச் சொல்பவரை நல்ல முகாமையாளர் மதிப்பார். அதேவேளை, கொழும்பில் வாடிக்கையாளரோடு பேசும் எந்த வேலைக்கும் பேச்சுச் சிங்களம் பெரிய பலம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசத் தெரிந்தவரை வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் தொலைபேசிச் சேவை நிலையங்களும் தேடுகின்றன. உங்கள் தமிழையும் சுயவிபரக்கோவையில் ஒரு தகைமையாகவே எழுதுங்கள். அதை வெறும் தாய்மொழி என்று விட்டுவிடாதீர்கள்.

நியமனக் கடிதத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில், கடிதத் தலைப்பில் இருக்கும் கம்பனியின் பெயர். நீங்கள் போய் வேலை செய்யும் இடம் ஒன்றாகவும் உங்களை வேலைக்கு எடுத்தது ஒரு மனிதவலு முகவர் நிறுவனமாகவும் இருக்கலாம். அப்படியானால் சேமலாப நிதியத்துக்குப் பணம் கட்ட வேண்டியவர் யார் என்பதை அன்றே தெளிவுபடுத்துங்கள். அடுத்தது பதவிப் பெயர். “நிறைவேற்று அதிகாரி” என்று கௌரவமாகப் போட்டுவிட்டு, அந்தத் தரத்துக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை என்று சொல்லும் இடங்கள் உண்டு. பெயரில் மயங்காமல் அதனோடு வரும் நிபந்தனையைப் படியுங்கள்.

பிறகு சம்பளம். மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் அது எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும், பயணப்படி, ஊக்கத்தொகை என்று மற்றவை அதிகமாகவும் இருந்தால், பின்னால் விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை சுருங்கும். இந்த நாட்டில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய் ஆகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய் ஆகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே எந்தக் கம்பனியும் இறங்க முடியாது.

தகுதிகாண் காலம் (நிரந்தரமாக்கும் முன் உங்களைச் சோதித்துப் பார்க்கும் காலம்) எத்தனை மாதம், அதை நீட்டிக்க முடியுமா, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல், இடமாற்றம் எங்கே வரை என்ற வரிகளையும் தவறவிடாதீர்கள். பயிற்சி கொடுத்துவிட்டு இரண்டு வருடம் விலகக்கூடாது என்று முறி (உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கினால், மீறினால் கட்ட வேண்டிய தொகை இலக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விளங்காத பந்தி இருந்தால், “வீட்டில் ஒருமுறை படித்துவிட்டு நாளை கையெழுத்திட்டுத் தருகிறேன்” என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. இரு பிரதிகளில் ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும்.

கடிதமே தரவில்லை. செட்டியார் தெருக் கடை ஒன்றில் வாய்ப்பேச்சில் சேர்ந்தேன். எனக்கு உரிமை இல்லையா?

இருக்கிறது. கடிதம் இல்லை என்பதால் நீங்கள் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் வேலை செய்ததை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். சம்பளம் வங்கியில் விழுந்த பதிவு, வரவுப் பதிவேட்டின் படம், முதலாளி அனுப்பிய குறுஞ்செய்தி, கடைப் பெயரிட்ட அடையாள அட்டை அனைத்தையும் சேர்த்து வையுங்கள். காசாகச் சம்பளம் வாங்கினால் ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி வாருங்கள்.

தகுதிகாண் காலத்தில் ஈ.பி.எப். கிடையாது என்கிறார்களே?

அது தவறு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. தகுதிகாண் காலத்தில் இருப்பவர், ஒப்பந்த ஊழியர் எல்லோருக்கும் அது பொருந்தும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஈ.பி.எப்., ஈ.டி.எப். இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

ஈ.பி.எப். என்பது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியம். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படும். கம்பனி தன் பங்காக 12 சதவீதம் சேர்க்கும். ஈ.டி.எப்., அதாவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், 1980 இல் வந்தது. அதற்குக் கம்பனி மட்டும் 3 சதவீதம் கட்டும்; உங்களிடம் ஒரு சதமும் கழிக்கக்கூடாது.

கணக்காகப் பார்ப்போம். சம்பளம் 50,000 ரூபாய் என்றால் உங்களிடம் 4,000 கழிக்கப்படும். கம்பனி 6,000 போடும். மாதம் 10,000 ரூபாய் உங்கள் பெயரில் ஈ.பி.எப். கணக்கில் சேரும். ஈ.டி.எப்.க்கு இன்னும் 1,500. சில இடங்களில் “எல்லாம் சேர்த்துத்தான் 50,000” என்று சொல்லி, கம்பனி கட்ட வேண்டிய பங்கையும் ஊழியரின் தலையில் வைக்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஓவர்டைம் பணம் இந்தக் கணக்கில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈ.பி.எப். பணத்தை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுதல், ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்தல், திருமணத்துக்காகப் பெண்கள் வேலையை விடுதல், நிரந்தர இயலாமை ஆகிய காரணங்களுக்காக முன்னரே எடுக்க வழி உண்டு. ஈ.டி.எப். பணத்தை வேலை மாறும்போது கோரலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான்.

கம்பனி உண்மையில் கட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சம்பளச் சீட்டில் கழிவு காட்டப்பட்டிருப்பதை வைத்து, பணம் நிதியத்துக்குப் போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதத்துக்கான பணம் அடுத்த மாத இறுதிக்குள் கட்டப்பட வேண்டும். தாமதித்தால் காலத்தைப் பொறுத்து 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் கம்பனிமேல் விழும். உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் கம்பனியின் பதிவு இலக்கத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். நிதியத்தின் பணத்தை மத்திய வங்கி பொறுப்பேற்று வைத்திருக்கிறது. நிர்வாகம் தொழில் திணைக்களத்திடம். அடையாள அட்டையோடு போனால் மீதியை விசாரிக்க முடியும். வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். வேலை மாறும்போது கட்டாயம் பாருங்கள். ஐந்தாறு கம்பனியில் ஐந்தாறு இலக்கம் இருந்து, அவற்றில் இரண்டை மறந்துவிட்டவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அது அவர்கள் வியர்வை.

ஓவர்டைமை எப்படிக் கணக்கிடுவது?

கடை, அலுவலகச் சட்டப்படி சாதாரண வேலை நேரம், சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் வரும். 48,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு அது 200. ஓவர்டைம் மணிக்கு 300. வாரத்தில் 12 மணிக்கு மேல் ஓவர்டைம் செய்விக்க முடியாது.

எத்தனை நாள் லீவு? தீபாவளிக்கு விடுமுறை உண்டா?

ஒரு முழு வருடம் முடித்தவருக்கு அடுத்த வருடம் 14 நாள் வருடாந்த விடுமுறையும் திடீர்த் தேவைகளுக்கு எடுக்கும் 7 நாள் அமய விடுமுறையும் உண்டு. இந்தச் சட்டத்தில் சுகவீன விடுமுறை என்று தனியாக ஒன்று இல்லை; காய்ச்சலுக்கும் அந்த 7 நாளைத்தான் எடுக்க வேண்டும். தனியாக மருத்துவ விடுமுறை தரும் கம்பனி நல்ல கம்பனி. முதல் வருடத்தில் சேர்ந்த மாதம் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு அடுத்த வருடத்தில் 14 நாள், ஒக்டோபருக்குப் பின் சேர்ந்தவருக்கு 4 நாள்தான்.

தைப்பொங்கல் வர்த்தக விடுமுறை, சம்பளத்தோடு கிடைக்கும். தீபாவளியும் மகா சிவராத்திரியும் அரச, வங்கி விடுமுறைகள் மட்டும். தனியார் கம்பனி திறந்திருக்கலாம். ஊருக்குப் போக வேண்டுமென்றால் நாட்காட்டி வந்தவுடனேயே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பஸ் டிக்கெட்டும் கிடைக்காது. போயா (முழுமதி) நாளில் வேலைக்கு அழைத்தால் ஒன்றரை நாள் சம்பளம் தர வேண்டும்.

கர்ப்பிணியாக இருப்பதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் தடை செய்கிறது. 84 நாள் சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுமுறை உண்டு. வார விடுமுறையும் போயாவும் இந்த 84 இல் சேராது. ஆகவே நாட்காட்டியில் அது மூன்று மாதத்தைத் தாண்டும். எழுத்தில் அறிவித்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மின்னஞ்சல் இருந்தால் இன்னும் நல்லது. வேலைத்தளத்தில் பாலியல் தொந்தரவு இருந்தால் அது தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆவது பிரிவின் கீழ்க் குற்றம். கம்பனிக்குள் பேசித் தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, பொலிஸில் முறையிடலாம்.

“நீயாகவே இராஜினாமாக் கடிதம் எழுதித் தா, நல்ல சான்றிதழ் தருகிறோம்” என்கிறார்கள்.

அந்த அறையில் எழுதாதீர்கள். நீங்களாக விலகுவதும் அவர்கள் நீக்குவதும் சட்டத்தில் வேறு வேறு. இராஜினாமா எழுதிவிட்டால், அநியாயமாக நீக்கினார்கள் என்று முறையிடும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். “யோசித்துச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள். வேலையில் சேரும்போதே திகதியில்லாத இராஜினாமாவில் கையெழுத்துக் கேட்பதும் இதே வகைதான், மறுத்துவிடுங்கள்.

15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் உள்ள கம்பனியில் 180 நாளுக்கு மேல் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இன்றி நீக்க முடியாது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் தரும் பாதுகாப்பு அது. “எழுத்துமூலச் சம்மதம்” என்று அங்கே இருப்பதால்தான் உங்கள் கையெழுத்துக்கு இவ்வளவு அவசரப்படுகிறார்கள்.

நானாகவே நல்ல வேலை கிடைத்து விலகுகிறேன். எதை வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

சேவைச் சான்றிதழ், கடைசிச் சம்பளச் சீட்டு, இரு நிதியங்களின் இலக்கங்கள். ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பனி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் தர வேண்டும். 60,000 ரூபாயோடு ஏழு வருடத்தில் விலகினால் 2,10,000 ரூபாய். நீங்களாக விலகினாலும் இது உங்களுக்கு உரியது. 30 நாளுக்குள் தர வேண்டும். நாலு வருடம் பத்து மாதத்தில் விலகத் தயாராகுபவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

முறையிட எங்கே போவது? தமிழில் பேச முடியுமா?

சம்பளம், ஈ.பி.எப்., பணிக்கொடை பற்றிய முறைப்பாடுகளுக்கு உங்கள் வேலைத்தளம் இருக்கும் பகுதியின் தொழில் அலுவலகம். தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. தமிழ் நிர்வாக மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். பேசும் அதிகாரி அன்று இல்லாவிட்டாலும் எழுத்தை மறுக்க முடியாது. திகதிகளை வரிசையாக எழுதி, ஆவணப் பிரதிகளை இணைத்து, பெற்றுக்கொண்ட முத்திரையைப் பிரதியில் வாங்குங்கள்.

அநியாயமாக நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். நியாய சபைக்கான விண்ணப்பத்தை நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். “முதலாளி திரும்பக் கூப்பிடுவார்” என்று காத்திருந்தாலும் அந்தக் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போங்கள்.